எலும்பு பிடிக்கிற வரைக்கும்

பல் டாக்டர் நல்ல செய்தி சொன்ன அதே நிமிஷத்தில் கலியாணசுந்தரம் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த நல்ல செய்தி வீட்டுக்குப் போய்ச் சேரக் கூடாது.

"சூப்பரா புடிச்சிடுச்சு சார்," என்றார் டாக்டர் ஜோதிகா, பேனா மாதிரி இருந்த ஒரு கருவியை அவர் வாயிலிருந்து எடுத்தபடி. "உறுதி எழுபத்தி நாலு காட்டுது. எழுபது வந்தாலே போதும். எலும்பு சுத்தி நல்லா ஒட்டியிருக்கு. அடுத்த வாரம் வந்தீங்கன்னா மேல பல்லு வெச்சிடலாம்."

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் எழுபத்து நாலு வாங்காத மனிதர். ஐம்பத்தாறு வயதில் தாடைக்குள் இருக்கும் ஒரு திருகாணி வாங்கிக் கொடுத்திருக்கிறது. வேறு யாராவது என்றால் காஞ்சிபுரம் காந்தி ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள். கலியாணசுந்தரம் "அடுத்த வாரம் வேணாம் டாக்டர், வீட்டுல ஒரு கல்யாணம், அது முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு படி இறங்கினார்.

காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் முத்துக்குமார்.

முத்துக்குமார் இந்திராணியின் அண்ணன். இந்திராணி யார் என்றால் கலியாணசுந்தரத்தின் மனைவி. இந்தக் கதையில் ஜெயிக்கப் போகிறவள். அண்ணன்காரர் பக்கத்து ஊரான கூரத்தில் இருக்கிறார். அவரும் பட்டுத் தறிக்காரர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கலியாணசுந்தரம் தன் கையால் நெய்த புடவை ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். முத்துக்குமார் அதைப் பிரித்தார். கரையும் உடலும் சேருகிற இடத்தைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவினார். முப்பது பேர் எதிரில் சொன்னார்: "கோர்வை கையில தட்டுதே மாப்ள."

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். காஞ்சிபுரத்துப் புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பூட்டி நெய்வதுதான் கோர்வை. கண்ணுக்குத் தெரியலாம், கைக்குத் தெரியக் கூடாது. இந்த ஊரில் ஒரு மனிதனைப் பார்த்து உன் வீடு ஒழுகுகிறது என்று சொல்லலாம், உன் பெண்ணுக்குப் பாட்டு வரவில்லை என்று சொல்லலாம். உன் கோர்வை தட்டுகிறது என்று மட்டும் சொல்லக் கூடாது.

"இனிமே உன் வீட்டு வாசப்படியை மிதிச்சேன்னா என் பேரு கலியாணசுந்தரம் இல்ல!" என்று கத்திவிட்டு அவர் பாதிப் பந்தியில் எழுந்து வந்துவிட்டார். பாயசம் அடுத்த இலை வரைக்கும் வந்திருந்தது. அந்த வருத்தம் தனி.

இப்போது அந்த முத்துக்குமாரின் மகள் சங்கரிக்கு ஆவணியில் கல்யாணம். இன்னும் நாலே வாரம். மூன்று மாதம் முன்பே, திருகாணி இறக்கிய அன்றைக்கே, இந்திராணி சொல்லிவிட்டாள்: "பல்லு புடிச்சதும் கூரத்துக்குப் போறோம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே போறோம். எங்க அண்ணன்கிட்ட நீங்க நாலு வார்த்தை பேசறீங்க." அன்றைக்கு அவர் வாயில் பஞ்சு. "ம்" என்பதைத் தவிர வேறு எழுத்து வரவில்லை. அந்த "ம்"மை அவள் சத்தியமாக எடுத்துக்கொண்டாள்.

எலும்பு பிடித்தால் கூரம். பிடிக்காவிட்டால் கூரம் இல்லை. கலியாணசுந்தரத்துக்கு விஷயம் இவ்வளவு எளிமையாகத் தெரிந்தது.

பல் போன கதையையும் சொல்லிவிட வேண்டும். தறியில் கத்தரிக்கோல் ஒரு கயிற்றில் தொங்கும். முப்பத்தெட்டு வருஷமாகத் தொங்குகிறது, புதுசாகவே இருக்கிறது. ஏனென்றால் கலியாணசுந்தரம் பட்டு நூலையும் ஜரிகையையும் பல்லால்தான் கடித்து அறுப்பார். கை இரண்டும் வேலையில் இருக்கும்போது வாய் சும்மாதானே இருக்கிறது என்பது அவர் வாதம். பங்குனியில் ஒரு நாள் இடது பக்கம் வைத்து ஒரு கடி கடித்தார். ஜரிகை அப்படியே இருந்தது. பல் வேரோடு பிளந்துவிட்டது.

பிளந்த பல்லைப் பிடுங்கி, புண் ஆறியபின் வைகாசியில் ஜோதிகா டாக்டர் அந்த இடத்தில் டைட்டானியம் திருகாணியை இறக்கினார். இறக்குவதற்கு முன்னால் கணவனையும் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விளக்கமாகவே சொன்னார்.

"இது மேல ஒரு பூச்சு இருக்கு சார். எலும்புல இருக்கிற அதே உப்புதான். எலும்பு இதைப் பாத்து, நம்ம ஆளுதான்னு வந்து ஒட்டிக்கும்."

"அப்ப எலும்பை ஏமாத்தறோம்?"

"ஏமாத்தல சார். அறிமுகம் பண்ணி வைக்கிறோம்."

"உடனே ஒட்டிக்குமா?"

"இல்ல. இப்போதைக்கு திருகாணி தன்னோட மரைப்பிடியிலதான் நிக்கும். மூணாவது, நாலாவது வாரத்துல அந்தப் பிடி கொஞ்சம் தளரும். பக்கத்துல இருக்கிற பழைய எலும்பு கரைஞ்சு, புது எலும்பு வளர்ற நேரம் அது. அப்ப கடிச்சு கிடிச்சு ஆட்டிட்டீங்கன்னா எலும்பு வராது, வெறும் சதைதான் வளரும். ஆட்டாம விட்டீங்கன்னா தானா ஒட்டிக்கும். மூணு மாசம்."

"ஆட்டாம விடணும்," என்று இந்திராணி ஒரு முறை சொல்லிக்கொண்டாள். அப்புறம் இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள். நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியும் வைத்துக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் ஊரே கூழ் குடிக்கும். கலியாணசுந்தரம் வைகாசியிலேயே ஆரம்பித்துவிட்டார். நொய்க் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், ரசத்தில் ஊறிக் கரைந்துபோன இட்லி. பன்னிரண்டு வாரம். இன்றோடு அது முடிந்தது.

வீடு இருக்கும் தெருவுக்குள் திரும்பும்போதே முகத்தைச் சோகமாக்கி வைத்துக்கொண்டார். உள்ளே இந்திராணி ராட்டையில் தறிக்கான நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க டாக்டரம்மா?"

"இன்னும் புடிக்கலயாம்."

ராட்டை நின்றது. "புடிக்கலயா?"

"எலும்பு யோசிக்குதாம்."

"மூணு மாசமாவா யோசிக்குது?"

"வயசாயிடுச்சில்ல. நிதானமா யோசிக்குது."

"இன்னும் எத்தினி நாளு யோசிக்குமாம்?"

"ஆறு வாரம்." கல்யாணத்துக்கு நாலு வாரம். இரண்டு வாரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டார்.

"அப்ப சங்கரி கல்யாணம்?"

"அதை நெனச்சிதான் வழியெல்லாம் எனக்கு அழுகையா வந்துச்சி."

"கார் வெச்சிக்கினு மெதுவா போலாமே?"

"கூரம் ரோடு எப்டி இருக்குது? ஒரு பள்ளத்துல எறங்கி ஏறினா திருகாணி மூக்கு வழியா வந்துடும்."

"டாக்டரம்மாவா சொன்னாங்க?"

"மூக்குன்னு சொல்லல. அது நானா புரிஞ்சிக்கினது."

இந்திராணி ராட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சரிங்க. பல்லுதான் முக்கியம். கல்யாணம் இன்னா கல்யாணம். இனிமே நீங்க இம்மி அசையக் கூடாது. ஆட்டாம பாத்துக்கறது என் பொறுப்பு."

கலியாணசுந்தரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. முப்பது வருஷத்துத் தாம்பத்தியத்தில் அவள் எதற்கும் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூணு மாசத்துப் பசி. தெருமுனையில் சின்னப்பையன் என்பவரின் டீக்கடையில் மசால் வடை போடும் நேரம்.

"ரெண்டு வடை குடுப்பா."

சின்னப்பையன் வடைத் தட்டை ஒரு துணியால் மூடினார். "அண்ணி சொல்லிட்டாங்கண்ணே."

"இன்னா சொல்லிட்டாங்க?"

"உனக்கு எலும்பு இன்னும் யோசிச்சிக்கினு இருக்குதாமே. வடை குடுத்து அப்பால ஏதாவது ஆச்சின்னா, என் கடை முன்னாடி வந்து உக்காந்துடுவேன்னாங்க. பால் வேணா ஆத்தித் தரட்டா?"

மறுநாள் பஸ் ஏறிச் சின்ன காஞ்சிபுரத்துக்கே போய்விட்டார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி, ஒரு துண்டு போதும். கடைக்காரர் இலையை எடுத்தார், அவர் முகத்தைப் பார்த்தார், இலையைத் திரும்ப வைத்தார்.

"சார், நீங்க திருகாணி போட்டுக்கினவர்தானே? எங்க வாட்சப் குரூப்புல உங்க போட்டோ வந்துச்சி."

ஒரு பொய் சொன்னபோது அவர் கல்யாணத்தை மட்டும்தான் நினைத்தார். அதே கயிற்றில் வடையும் முறுக்கும் ஆட்டுக்கால் குழம்பும் கட்டியிருக்கிறது என்பது அப்போது தோன்றவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் டம்ளரில் கஞ்சி தயாராக இருந்தது. சூடு போகும்வரை இந்திராணி முந்தானையால் விசிறினாள். அவள் அவ்வளவு அன்பாக விசிறும்போது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் கூரம்.

பத்தாவது நாள் காலையில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் ஒரு பெரிய அண்டா இறங்கியது. பிறகு இரண்டு ஜமக்காளம், ஒரு கிரைண்டர், ஆறு பெண்கள். கடைசியாக, அடர்த்தியான மீசையோடு முத்துக்குமார் இறங்கினார்.

"மாப்ள!"

கலியாணசுந்தரம் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையையும் விடுவதற்காக வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க!" என்று உள்ளிருந்து பாய்ந்து வந்தாள் இந்திராணி. "ஆடிடும்!"

"பேசாத மாப்ள, பேசாத," என்றார் முத்துக்குமார். அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்கு எல்லாம் தெரியும். என் பொண்ணு கல்யாணத்துக்கு வர முடியலயேன்னு அழுதியாமே? தங்கச்சி போன்ல சொன்னா. நான் ஆடிப் பூட்டேன். நீ இல்லாம இன்னா கல்யாணம்? உன்னால கூரத்துக்கு வர முடியாது, அவ்ளோதானே? கல்யாணம் இங்க வருது. முகூர்த்தம் குமரகோட்டம் கோயில்ல. பந்தல், நலங்கு, சாப்பாடு எல்லாம் உன் வீட்டுல!"

கலியாணசுந்தரம் இந்திராணியைப் பார்த்தார். இந்திராணி அண்டா எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சபதத்தை மனசுக்குள் ஒரு முறை திருப்பிப் பார்த்தார். அவன் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன் என்பதுதான் சபதம். அவன் என் வாசப்படியை ஆறு பேரோடு வந்து மிதித்தால் என்ன செய்வது என்று அதில் ஒன்றும் இல்லை. கோபத்தில் செய்கிற சபதத்தில் இதுதான் கஷ்டம்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் அவருக்கு இடமில்லை. கூடத்தில் முறுக்கு பிழிந்தார்கள். முற்றத்தில் அதிரசம் சுட்டார்கள். எண்ணெய் வாசனையில் தறி கூட கமகமத்தது. முத்துக்குமாரின் மனைவி காவேரி அவரைக் கடக்கும்போதெல்லாம், "பாவம் அண்ணன், வாசனை கூட புடிக்கக் கூடாது" என்று முறுக்குத் தட்டை மறைத்துக்கொண்டு போனாள். முத்துக்குமாரோ கஞ்சி டம்ளரை யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே எடுத்து வந்தார். வாழைப்பழத்தைப் பிசைந்து, நார் நாராக எடுத்துவிட்டு, ஸ்பூனில் நீட்டினார்.

"ஆ காட்டு மாப்ள. வலது பக்கமா."

ஆ காட்டினார். வேறு வழி?

தறி வேலையும் நிற்க முடியாது. கடைக்காரருக்கு ஒரு புடவை முடித்தாக வேண்டும். கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உடல் நாடாவை, அதாவது குறுக்கு நூல் ஓடும் கட்டையை, போட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் கரை நாடாவைப் போட வேண்டும். எப்போதும் அந்தப் பக்கத்து ஆள் இந்திராணிதான்.

"எனக்கு எங்கங்க நேரம்? கல்யாண வீடு," என்றாள் இந்திராணி. "அண்ணன் சும்மாதானே இருக்குது. அது உக்காரட்டும்."

இப்படியாக, இரண்டு வருஷமாக முகம் பார்க்காத இரண்டு பேர் ஒரே தறியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். முதல் நாள் கலியாணசுந்தரம் வேண்டுமென்றே அவசரமாக நாடாவை வீசினார். முத்துக்குமார் ஒன்றும் சொல்லாமல் அவசரமாகவே திருப்பிப் போட்டார். இரண்டாம் நாள் வேண்டுமென்றே தாமதித்தார். முத்துக்குமார் காத்திருந்தார். நடுவில் பேச்சு உண்டு. ஆனால் ஒரு பக்கம்தான்.

"கை வலிக்குதா மாப்ள? தலையாட்டாத, ஆடிடும். கண்ணைச் சிமிட்டு. ஒருவாட்டின்னா ஆமா, ரெண்டுவாட்டின்னா இல்ல."

சண்டை போடுவதற்கு வாய் வேண்டும். கண்ணைச் சிமிட்டிக்கொண்டு யாரோடும் சண்டை போட முடியாது என்பதைக் கலியாணசுந்தரம் அப்போதுதான் கண்டுகொண்டார். மூன்றாம் நாள் கை தன் போக்கில் ஓட ஆரம்பித்தது. இவர் போட, அவர் போட, நாலு விரல் புடவை எப்போது ஏறியது என்றே தெரியவில்லை. தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது.

ஐந்தாம் நாள் முத்துக்குமார் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி உன் கோர்வைல குத்தமே இல்ல. என் கட்டை விரல்ல வெடிப்பு. அதுதான் தட்டுச்சி. நீ எழுந்து போனப்பறம் இந்த இன்னொரு கையால தடவிப் பாத்தேன். வெண்ணெய் மாதிரி இருந்துச்சி. மறுநாளே வந்து சொல்லியிருக்கணும். நீ படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டியா, எனக்கும் வீம்பு வந்துடுச்சி. ரெண்டு வருஷம் மாப்ள. மனசுல முள்ளு மாதிரி."

கலியாணசுந்தரம் தன் நாடாவைக் கீழே வைத்தார். இந்த மனிதரின் வாசப்படிக்குப் பயந்துகொண்டு அல்லவா அவர் தன் எலும்பையே பொய் சொல்ல வைத்தார்! வெட்கமாக இருந்தது. உண்மையை அங்கேயே கொட்டிவிடலாமா என்று நினைத்தார். ஆனால் ஐந்து நாளாக ஊட்டிய வாழைப்பழம் கண்முன்னால் வந்தது. அதைத் தின்றுவிட்டு எந்த முகத்தோடு சொல்வது? கண்ணை ஒரு முறை சிமிட்டினார். கூடவே இரண்டு சொட்டுக் கண்ணீரும் விழுந்தது. முத்துக்குமார் துண்டால் துடைத்துவிட்டு, "அழாத மாப்ள, ஆடிடும்" என்றார்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. குமரகோட்டத்தில் தாலி ஏறியது. சங்கரி கலியாணசுந்தரத்தின் காலில்தான் முதலில் விழுந்தாள். பந்தி வீட்டு வாசல் பந்தலில். வடை, அப்பளம், முறுக்கு, அதிரசம் என்று எல்லா இலையும் நிறைந்திருந்தது. கலியாணசுந்தரத்தின் இலையில் நடுவே ஒரு டம்ளர் கஞ்சி நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து விசாரித்தார். இந்திராணி விவரம் சொன்னாள். திருகாணி, பூச்சு, எலும்பு, யோசனை எல்லாம்.

பக்கத்து இலையில் இருந்த முத்துக்குமார் "பூச்சா?" என்றார். அவர் கையிலிருந்த அப்பளம் நின்றது. "தங்கச்சி, பூச்சு பூசின திருகாணியா மாப்ள வாயில இருக்குது?"

"ஆமாண்ணா."

"அட கடவுளே! நாம ஜரிகைக்காரங்க. பூச்சுன்னா இன்னான்னு நமக்குத் தெரியாதா? உள்ள செம்பு, மேல பளபளன்னு பூச்சு, எத்தினி போலி ஜரிகையைப் பாத்திருக்கோம்! அதான் நாலு மாசமா புடிக்கல. மாப்ளய நல்லா ஏமாத்திட்டாங்க!" அவர் எழுந்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்திருந்த கூரத்து ஆட்கள் நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். "எங்க இருக்குது அந்த ஆஸ்பத்திரி? இப்பவே போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வர்றேன்."

போகத் தேவையில்லாமல் போனது. சரியாக அப்போதுதான் பந்தல் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் டாக்டர் ஜோதிகா, கையில் அன்பளிப்புப் பார்சலோடு. இந்திராணி அவருக்கும் கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கிறாள்.

"டாக்டரம்மா வாங்க வாங்க," என்று இந்திராணி ஊருக்கே கேட்கும்படி வரவேற்றாள்.

ஐந்து ஜோடி கண்கள் அந்தப் பக்கம் திரும்பின. முத்துக்குமார் வேட்டியை மடித்துக் கட்டினார். கலியாணசுந்தரம் ஜோதிகாவைப் பார்த்தார். மூணு மாசம் கண்ணுங்கருத்துமாகப் பார்த்த பெண். அவர் தாடைக்கு எழுபத்து நாலு மார்க் போட்டுச் சிரித்த பெண். தன் பொய்க்காக அந்தப் பெண் சபையில் திட்டு வாங்குவதா?

"நிறுத்து மச்சான்!"

பந்தி முழுவதும் திடுக்கிட்டது. இரண்டரை வாரமாகப் பேசாத மனிதர்.

"புடிச்சிடுச்சி! எப்பவோ புடிச்சிடுச்சி! எழுபத்தி நாலு!" என்று கத்திவிட்டு, முத்துக்குமார் இலையிலிருந்த முறுக்கை எடுத்து ஒரே கடி கடித்தார். அந்தச் சத்தம் கடைசி இலை வரைக்கும் கேட்டது. அவர் மென்றார். மெல்ல மெல்லக் கண் செருகியது. அவ்வளவு ருசி.

"நான்தான் நாலு வாரம் முன்னாடியே சொன்னேனே சார்," என்றார் ஜோதிகா ஒன்றும் புரியாமல். "பல்லு வைக்க வாங்கன்னு கூட சொன்னேனே."

முத்துக்குமார் விரல் விட்டு எண்ணினார். "நாலு வாரமா? அப்ப நான் ஊட்டின வாழப்பழம்?"

"மச்சான், மன்னிச்சிக்க. உன் ஊட்டுப் படி மிதிக்கக் கூடாதுன்னு..."

ஒரு நொடி முத்துக்குமாரின் மீசை துடித்தது. அடி விழப் போகிறது என்றே கலியாணசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். விழுந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இலை மேலேயே சாய்ந்து, முத்துக்குமார் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க மீசை மேலே போனது. உள்ளே இடது பக்கம் ஒரு பல்லைக் காணோம்.

"இன்னா மச்சான் இது?"

"போன வருஷம் போச்சி மாப்ள. ஜரிகையைக் கடிச்சேன்."

அவ்வளவுதான். கலியாணசுந்தரம் குற்றவாளி என்பதையே மறந்துவிட்டார். மச்சான் தோளில் கையைப் போட்டு, ஒரு முறுக்கை நிமிர்த்தி வைத்து, இது திருகாணி, இந்தச் சோறு எலும்பு, இந்த நெய் பூச்சு என்று பந்தி பரிமாறுகிறவர்களையும் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினார். "போலிப் பூச்சு இல்ல மச்சான், எலும்போட சொந்த உப்பு. மூணாவது வாரம் கொஞ்சம் தளரும், பயப்படாத. ஆட்டாம விட்டா தானா ஒட்டிக்கும். நீயும் போட்டுக்க. நாளைக்கே போட்டுக்க!"

பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சமையல்கட்டுக்குள் போய் நின்றார். இந்திராணி மிச்ச முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்திரா, உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க அந்த ஆஸ்பத்திரிப் படி எறங்கறதுக்கு முன்னாடியே. எக்ஸ்ரே, எழுபத்தி நாலு, எல்லாம் என் போனுக்கு வந்துடுச்சி. ஆஸ்பத்திரி பாரத்துல என் நம்பரை எழுதிக் குடுத்தது யாரு?"

அவர்தான். அவர் போன் எப்போதும் தறிக்குக் கீழே கால் வைக்கும் குழிக்குள் கிடக்கும்.

"தெரிஞ்சிக்கினேவா நாலு வாரம் எனக்குக் கஞ்சி ஊத்தின?"

"பல்லுக்கு மூணு மாசம் குடுத்தீங்க. எங்க அண்ணனுக்கு ஒரு மாசம் குடுக்க மாட்டீங்களா? நான் இன்னா பண்ணேன்? ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வெச்சேன். ஒருத்தர் வாயைக் கட்டினேன். அப்பால ஆட்டாம விட்டேன்."

உண்மையைச் சொன்னால், கலியாணசுந்தரத்துக்குக் கோபம் வரவில்லை. மனசு நிறைந்துதான் இருந்தது. டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டார்.

"நல்லதுதான் பண்ண போ. சரி, மச்சான் எப்ப கெளம்பறாரு?"

"யாரு கெளம்பறாங்க? திங்கக்கெழமை அண்ணனுக்குத் திருகாணி போடறாங்க. டாக்டரம்மாகிட்ட சொல்லியாச்சி. அண்ணி சங்கரியோட பெங்களூரு போறாங்க, வீடு பாத்துக் குடுக்க. கூரத்துல யாரு கஞ்சி வெப்பாங்க?"

முறுக்கு பாதியில் நின்றது. "அப்ப இங்கயேவா? எத்தினி நாளு?"

"எலும்பு புடிக்கிற வரைக்கும்."

கலியாணசுந்தரம் அவசரமாகக் கணக்குப் போட்டார். பன்னிரண்டு வாரம். கார்த்திகையில் முடிந்துவிடும். தாங்கிக்கொள்ளலாம். "சரி, மூணு மாசம்தானே."

"அது டாக்டரம்மா சொல்றது," என்றாள் இந்திராணி டப்பாவை மூடியபடி. "புடிச்சிச்சா இல்லயான்னு வீட்டுல வந்து சொல்லப் போறது எங்க அண்ணன்தானே?"